ஃபுதபயாமாவின் 69 வெற்றிகள்

ஜப்பானியச் சுமோ மல்யுத்தத்தின் பதிவேடுகளில், 1936 ஜனவரித் தொடரின் 7ஆம் நாளில் தொடங்கி 1939 ஜனவரித் தொடரின் 3ஆம் நாள்வரை நீளும் வெற்றி வரிசை ஒன்று இடம்பெற்றிருக்கிறது. ஃபுதபயாமா சதாஜி என்ற மல்லர் அந்த மூன்றாண்டுக் காலத்தில் அதிகாரபூர்வத் தொடர்களில் மோதிய 69 மோதல்களிலும் வென்றார். அந்த எண்ணிக்கையை இன்றுவரை எவரும் எட்டவில்லை. அவரைப் பற்றி ஜப்பானில் எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி அவருடைய மன அடக்கத்தையும் ஆன்மிக நாட்டத்தையும் போற்றுவதிலேயே நிற்கிறது. அவை பொய்யல்ல. ஆயினும் சுமோ என்னும் தொழில் உடைந்து, காலியாகி, மீண்டும் கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஒரு காலத்தில்தான் அந்த வெற்றிகள் விளைந்தன என்பதையும், மல்லர்களின் பெரிய வேலைநிறுத்தம் ஒன்று அவருடைய உயர்வுக்கு வழி திறந்தது என்பதையும், அந்த வேலைநிறுத்தக்காரர்கள் கேட்டவற்றுள் சிலவற்றைக் கால் நூற்றாண்டுக்குப் பின் நிறைவேற்ற வேண்டிய பொறுப்பு அவர் கைக்கே வந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவருடைய வாழ்க்கை முழுமையாக விளங்கும்.

சுமோவில் இரு மல்லர்கள், களிமண்ணை மெத்தி உயர்த்திய மேடைமீது, வைக்கோற்புரிப் பொதிகளால் வட்டமிடப்பட்ட கோதாவுக்குள் மோதுகிறார்கள். வட்டத்துக்கு வெளியே கால் வைத்தவரோ, உள்ளங்காலைத் தவிர உடம்பின் வேறெந்தப் பகுதியாலாவது தரையைத் தொட்டவரோ தோற்றவர். மல்லர்கள் அனைவரும் ஹேயா எனப்படும் பயிற்சி இல்லங்களில் சேர்ந்து வாழ்பவர்கள். ஓய்வு பெற்ற மல்லரான ஒரு மூத்தவர் அந்த இல்லத்தின் தலைவராக இருப்பார். தரவரிசையில் மேல் பிரிவு மாகுஉச்சி, அதற்கு அடுத்தது ஜூர்யோ. இவ்விரு பிரிவினர் மட்டுமே முழுத் தொழில்முறை மல்லர்களாகக் கருதப்பட்டனர், மற்றவர்கள் இல்லத்து வேலைகளைச் செய்து உண்டு உறங்கும் பயிலுநர்கள். மாகுஉச்சிக்குள்ளே மாஎகாஷிரா, கொமுசுபி, செகிவாகே, ஓசெகி என்று படிகள் ஏறி, உச்சியில் யோகோசுனா நிற்கிறார். யோகோசுனா என்பது அவர் கோதாவுக்குள் நுழையும் சடங்கின்போது இடையில் கட்டும் தடித்த வெள்ளைக் கயிற்றின் பெயரே. அக்கயிற்றை ஒருமுறை பெற்றவரைப் படியிறக்குவதில்லை, தோல்விகள் தொடர்ந்தால் அவரே ஓய்வு பெற வேண்டும்.

தொன்மையானது என்று எண்ணப்படும் இந்த விளையாட்டின் இன்றைய தோற்றத்தில் பெரும்பங்கு 20ஆம் நூற்றாண்டில் உருவானதாகும். தோக்கியோவின் ர்யோகொக்குப் பகுதியில், எக்கோஇன் கோயில் வளாகத்தில், கொக்குகிகான் என்ற கூரை வேய்ந்த அரங்கம் 1909இல் திறக்கப்பட்டது. தனிமனிதச் சாம்பியன் பட்டமும் அதே ஆண்டில்தான் அறிமுகமானது. அதுவரை தனித்தனியே இயங்கிய தோக்கியோ, ஒசாகா சங்கங்கள் இணைந்து 1927இல் ஒரே சங்கமாகத் தொடர்களை நடத்தத் தொடங்கின. 1928 ஜனவரியில் வானொலி நேர்முக வருணனை வந்தது. மல்லர்கள் ஒருவரையொருவர் நோக்கிக் குந்தியபடி, மனம் ஒத்து எழும்வரை எவ்வளவு நேரமும் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்த பழைய வழக்கம் வானொலி நேரத்துக்கு ஒத்துவராததால், மாகுஉச்சி மோதலுக்கு 10 நிமிடம் என்ற வரம்பும், இருவரையும் பிரித்து நிறுத்தும் கோடுகளும் அப்போதுதான் விதிக்கப்பட்டன. 1931இல் கோதாவின் விட்டம் 13 ஷாகுவிலிருந்து 15 ஷாகுவுக்கு, அதாவது 3.94 மீட்டரிலிருந்து 4.55 மீட்டருக்கு விரிந்தது. அதன் மேலிருந்த கூரையும் ஷிந்தோ ஆலயப் பாணிக்கு மாறியது. ஆக, இளம் ஃபுதபயாமா கோதாவில் இறங்கிய காலத்தில், கோதா உட்பட எல்லாமே புதிதாக அளந்து வைக்கப்பட்டுக்கொண்டிருந்தன.

அவருடைய இயற்பெயர் அகியோஷி சதாஜி. கியூஷூ தீவின் வடகிழக்கில், ஓய்தா மாகாணத்தின் உசா பகுதியிலுள்ள கடலோரக் கிராமம் ஒன்றில் 1912 பிப்ரவரி 9ஆம் நாள் பிறந்தார். தந்தை செய்துவந்த கப்பல் சரக்குத் தொழில் நொடித்துக் கடன் சேர்ந்ததால், சிறுவன் பள்ளிப் பருவத்திலேயே தந்தையின் படகில் வேலை செய்ய நேர்ந்தது. அந்த இளமைக் காலம் அவர் உடம்பில் இரண்டு ஊனங்களை விட்டுச் சென்றது. ஐந்தாறு வயதில் விளையாடும்போது நண்பன் ஒருவனின் ஊதுகுழல் அம்பு பட்டு வலக் கண் பார்வை பறிபோனது. படகில் நங்கூரம் இழுக்கும் பொறியில் சிக்கி வலக் கைச் சுண்டுவிரல் சிதைந்தது. இடைக்கச்சையைப் பற்றி இழுப்பதில் சுண்டுவிரலுக்கு உள்ள இடத்தைச் சுமோ அறிந்தவர்கள் அறிவார்கள். கச்சையின் மடிப்பில் முதலில் கொளுவி இறுகுவது அதுதான். கண்ணைப் பற்றிய செய்தியை அவர் மல்லராக இருந்த காலம் முழுவதும் வெளியிடவில்லை. அவரை வீழ்த்த வழி தேடி ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த எதிரிகளுக்கும் அது எட்டாமற்போனது.

ஓய்தா மாகாணக் காவல்துறைத் தலைவரின் பரிந்துரையால் அவர் தோக்கியோவின் தட்சுனாமி இல்லத்தில் சேர்ந்து, 1927 மார்ச்சில் முதன்முறையாக மோதினார். அது அப்போது சிறிய இல்லம். அங்கே அவருக்குப் பின் வந்த ஹகுரோயாமா யோகோசுனாவாகவும், நயோரோஇவா ஓசெகியாகவும் உயர்ந்து, மூவரும் இல்லத்தின் பெயரை நாடறியச் செய்தது பிந்திய கதை. தொடக்க ஆண்டுகளில் ஃபுதபயாமாவிடம் பெரிய எதிர்காலத்தை எவரும் கண்டதாகத் தெரியவில்லை. உடம்பு மெலிந்திருந்ததால் எதிரி தள்ளத் தள்ளப் பின்வாங்கி, வைக்கோற்பொதியில் குதிகால் பதிந்த கடைசிக் கணத்தில் இடுப்பைப் பின்னால் வளைத்து எதிரியைத் தன் மேலாகத் திருப்பி வெளியே எறிவதே அவருடைய வெற்றி முறையாக இருந்தது. உத்சாரி என்று இந்தப் பிடிக்குப் பெயர். 'உத்சாரி ஃபுதபா' என்று அவரைக் குறிப்பிட்டதில் பாராட்டைவிட ஏளனமே மிகுதி. விளிம்பில் பிழைப்பவன் நடுக்களத்தை ஆளத் தெரியாதவன் என்பது சுமோ ரசிகர்களின் பொதுக் கருத்து. ஆனால் எதிரியின் முழு எடையையும் விளிம்பில் நின்று தாங்கும் கால்வலுவும், ஒற்றைக் குதிகாலின் மேல் உடம்பைச் சமன்செய்யும் திறனும் இந்த ஆண்டுகளில்தான் அவருக்கு வாய்த்தன என்று கொள்வதே பொருத்தம். எடை கூடியபின் அதே இடுப்பு கோதாவின் நடுவிலும் பயன்பட்டது.

1932 ஜனவரி 6ஆம் நாள், தேவானோஉமி இல்லத்தைச் சேர்ந்த 32 மல்லர்கள், தென்ர்யூ என்ற செகிவாகேயின் தலைமையில், தோக்கியோவின் ஓய்மச்சியிலிருந்த ஷுன்ஜூஎன் என்ற சீன உணவகத்தில் கூடி, சங்கத்துக்கு 10 கோரிக்கைகளை முன்வைத்தனர். சங்கத்தின் வரவு செலவு வெளிப்படையாக்கப்பட வேண்டும், நுழைவுக் கட்டணம் குறைய வேண்டும், நுழைவுச்சீட்டு விற்பனையைக் கைக்குள் வைத்திருந்த தேநீர்க்கடை இடைத்தரகர்கள் ஒழிய வேண்டும், மல்லர்களின் வருமானம் உயர வேண்டும், ஓய்வு பெறுவோருக்கு உதவித்தொகை வேண்டும் என்பன அவற்றுள் முக்கியமானவை. அரங்கம் நிரம்பியபோதும் மல்லர்கள் வறுமையில் இருந்தனர் என்பதே இவற்றின் சாரம். சங்கம் இணங்காததால் அவர்கள் விலகி, உச்சிக்குடுமியை வெட்டிக்கொண்டு தனி அமைப்புக் கண்டனர். மல்லனின் குடுமி தொழில் வாழ்வின் அடையாளமாதலால், அதை வெட்டுவது திரும்பி வருவதில்லை என்ற அறிவிப்புக்கு ஈடு. பிற இல்லங்களிலிருந்தும் பலர் வெளியேறவே, மேலிரு பிரிவுகளில் எஞ்சியவர்கள் சிறுபான்மையாயினர். ஜனவரித் தொடர் ஒத்திவைக்கப்பட்டு, பிப்ரவரியில் 8 நாள் தொடராகச் சுருக்கி நடத்தப்பட்டது. அதில் காலியிடங்களை நிரப்ப ஜூர்யோவிலிருந்து நேரே மாகுஉச்சிக்கு ஏற்றப்பட்டவர்களுள் 20 வயது ஃபுதபயாமாவும் ஒருவர். தம் வலிமையால் அன்றி மற்றவர்கள் இல்லாமையால் கிடைத்த இடம் அது. விலகியவர்களுள் பலர் 1933இல் திரும்பி வந்தனர். தென்ர்யூவின் ஒசாகா அமைப்பு 1937 டிசம்பரில் கலைந்தது.

திரும்பி வந்த அனுபவசாலிகளுக்கு எதிரே மேல் பிரிவில் நிலைத்து நிற்க ஃபுதபயாமாவுக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. அக்காலச் சுமோவை ஆண்டவர் யோகோசுனா தமனிஷிகி. கடுமையான பயிற்சிக்கும் முன்கோபத்துக்கும் பெயர் போன அவரிடம் ஃபுதபயாமா தோற்றுக்கொண்டே இருந்தார். 1936 ஜனவரித் தொடரின் 6ஆம் நாளிலும் தமனிஷிகியே வென்றார். மறுநாள் தொடங்கிய வெற்றிகள் அடுத்த மூன்றாண்டுகளுக்கு நிற்கவில்லை. அதே ஆண்டு மே மாதத்தில், செகிவாகேயாக, தமனிஷிகியை முதன்முறையாக வீழ்த்தித் தோல்வியே இல்லாமல் முதல் சாம்பியன் பட்டத்தையும் பெற்றார். அதன்பின் தமனிஷிகியால் அவரை வெல்ல முடியவில்லை. மாஎகாஷிராவாக இருந்தபோது தொடங்கிய வரிசையை முறியாமல் கொண்டுசென்றே செகிவாகே, ஓசெகி, யோகோசுனா என்ற மூன்று படிகளையும் கடந்து, 1938 ஜனவரியில் 35ஆம் யோகோசுனாவாகக் கோதாவில் நுழைந்தார்.

அவருடைய முறையின் மையம் தாச்சிஆய், அதாவது இருவரும் குந்திய நிலையிலிருந்து எழுந்து முட்டிக்கொள்ளும் முதல் கணம். சுமோவில் பெரும்பாலான மோதல்கள் சில நொடிகளில் முடிவதால், யார் முந்தி எழுகிறார் என்பதிலேயே வெற்றி தோல்வி தங்கியிருக்கிறது என்று எல்லோரும் நம்பினர். தமக்குச் சாதகமான கணம் அமையவில்லையெனில் 'மத்தா' என்று கூறி எழாமல் தவிர்ப்பதும், எதிரியைச் சலிப்படையச் செய்வதும் வழக்கமாக இருந்தன. ஃபுதபயாமா மத்தா சொல்வதில்லை. எதிரி எப்போது எழுந்தாலும் அந்தக் கணத்தில் தாமும் எழுவார். பார்ப்பவர் கண்ணுக்கு அரைக் கணம் பிந்தியதாகவே தோன்றும். ஆனால் மார்போடு மார்பு முட்டி முடிந்தபோது அவருடைய வலக் கை எதிரியின் இடக் கைக்கு அடியில் நுழைந்திருக்கும், இடக் கை எதிரியின் கச்சையை மேலிருந்து பற்றியிருக்கும். அந்தப் பிடி கிடைத்தபின் இடக் கையால் இழுத்து வீசும் உவாதேநாகே என்ற மேற்கை எறிதலுக்குத் தப்பியவர்கள் குறைவு. பின்னே எழுந்து முன்னே நிற்பது என்ற இந்த உத்தி கோ நோ சென் எனப்பட்டது. ஒரு கண்ணால் தொலைவை அளப்பது கடினம். பாய்ந்து வரும் உடம்பைத் தேடிச் செல்வதைவிட, அது தன் மேல் வந்து முட்டும்வரை பொறுத்துத் தொடு உணர்வால் அறிவது அத்தகையவருக்கு எளிது. தத்துவமாகப் புகழப்பட்ட இந்த முறைக்கு இப்படியொரு உடற்காரணமும் இருந்திருக்கும் என்று ஊகிக்க இடமுண்டு. அப்படியானாலும் அதன் பெருமை குறையாது.

69 என்ற எண்ணை மதிப்பிடும்போது அக்கால நாட்காட்டியை மறக்கலாகாது. 1933 முதல் ஆண்டுக்கு இரண்டே தொடர்கள், ஜனவரியிலும் மே மாதத்திலும், நடந்தன. ஒரு தொடர் 11 நாள். 1936 ஜனவரியின் எஞ்சிய 5 நாள், அடுத்த இரு தொடர்களில் பதினொன்று பதினொன்றாக 22, அதன்பின் மூன்று தொடர்களில் 13 வீதம் 39, இறுதியாக 3 என்று அந்தக் கணக்கு நிறைகிறது. 11 நாள் 13 ஆனதற்கும் அவரே காரணம்: நுழைவுச்சீட்டுக்காக மக்கள் முந்திய இரவே கொக்குகிகான் வாசலில் வரிசையில் நின்றதால், 1937 மே முதல் சங்கம் நாட்களைக் கூட்டியது, 1939 மே முதல் இன்றுள்ளபடி 15 நாளாயிற்று. வேலைநிறுத்தத்தால் நொடித்துப்போயிருந்த சங்கத்தின் கருவூலத்தை ஒரு மனிதரின் வெற்றிகள் நிரப்பின. 1937 ஜூலையில் சீனாவுடன் முழுப் போர் மூண்டபின், அவருடைய வெற்றிகளுக்கு இன்னொரு சுமையும் ஏறியது. தோல்வி அறியாத மல்லரின் உருவமும் தோல்வி அறியாத படை என்ற அரசின் பரப்புரையும் செய்தித்தாள்களின் பக்கங்களில் ஒன்றோடொன்று கலந்தன. அவர் இதைத் தேடிப் போகவில்லை, மறுக்கவும் இல்லை.

எதிர்ப்பின் வடிவமும் அக்கால விதிகளால் அமைந்ததே. ஒரே இல்லத்தவரும், உறவுடைய இல்லங்களின் கூட்டமான ஒரே இச்சிமொனைச் சேர்ந்தவர்களும் தமக்குள் மோதுவதில்லை. ஆகவே ஹகுரோயாமா போன்ற வலிய சக மாணாக்கர்கள் ஃபுதபயாமாவின் எதிரிப் பட்டியலில் இல்லை. மறுபுறம், சங்கத்திலேயே மிகப் பெரிய இல்லமான தேவானோஉமியின் மல்லர்கள் தொடருக்குத் தொடர் வரிசையாக அவர் முன் நிறுத்தப்பட்டனர். ஃபுதபயாமாவை வீழ்த்துவதே அந்த இல்லத்தின் பொது நோக்கமானது. மல்லர்களுள் அபூர்வமாகப் பல்கலைக்கழகம் கண்டவரும் வாசெதாவில் பயின்றவருமான கசகியாமா இதற்கு மூளையாக இருந்தார். ஃபுதபயாமாவின் ஒவ்வொரு மோதலையும் பிரித்து ஆராய்ந்து, வலக் காலே அவருடைய பலவீனம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். இந்தத் திட்டத்தை வகுத்தவர் கசகியாமா. கோதாவில் நிறைவேற்றியவர் ஹிரோஷிமாவைச் சேர்ந்த அகினோஉமி என்ற இளம் மாஎகாஷிரா.

1938 கோடையில் மல்லர்கள் மஞ்சூரியாவிலும் வட சீனாவிலும் சுற்றுப்பயணம் செய்து காட்சி மோதல்களில் ஈடுபட்டனர். அங்கே ஃபுதபயாமாவுக்கு அமீபா வயிற்றுக்கடுப்பு கண்டது. 179 சென்டிமீட்டர் உயரமும் ஏறக்குறைய 128 கிலோ எடையும் கொண்டிருந்தவர் 20 கிலோவுக்கு மேல் இழந்து திரும்பினார். டிசம்பர் 4ஆம் நாள் தமனிஷிகி குடல்வால் அழற்சி முற்றி இறந்தார். மூத்த யோகோசுனா மறைந்த நிலையில், தொடரில் கலந்துகொள்ளாமல் ஒதுங்குவது ஃபுதபயாமாவுக்கு எளிதாக இருந்திருக்காது. உடம்பு தேறாமலேயே 1939 ஜனவரித் தொடரில் இறங்கி முதல் மூன்று நாளும் வென்றார். நான்காம் நாள், ஜனவரி 15, அகினோஉமி எதிரே நின்றார். அகினோஉமி மார்பில் தள்ளித் தள்ளித் தூரம் காத்து, பின்பு தலையை எதிரியின் மார்பில் புதைத்துக் கச்சையின் முன்பகுதியைப் பற்றிக்கொண்டார். வழக்கமான மேற்கைப் பிடி ஃபுதபயாமாவுக்கு அமையவில்லை. வலக் கையை எதிரியின் அக்குளுக்கடியில் கொடுத்து அள்ளியெறிய ஒருமுறை முயன்று, மறுமுறை முயன்றபோது, அகினோஉமியின் இடக் கால் வெளிப்புறமாக வந்து அவருடைய வலக் காலில் கொளுவியது. சோதோகாகே எனப்படும் வெளிக்கால் தடுக்கு அது. ஃபுதபயாமா விழுந்தார். பார்வையற்ற பக்கத்தில் வந்த அந்தக் காலை அவர் காணாமலிருந்திருக்கலாம்; ஆனால் வலப் பக்கத்தைத் தேர்ந்தவர்களுக்குக் கண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அரங்கில் பார்வையாளர்கள் எறிந்த இருக்கை மெத்தைகள் பறந்தன, கூச்சலில் அறிவிப்பாளர்களின் குரல் அமுங்கியது. ஃபுதபயாமா வழக்கம்போல் வணங்கி, முகம் மாறாமல் பாதை வழியே வெளியேறினார் என்று அன்றைய செய்திகள் கூறுகின்றன. பின்னர், தாம் குருவாக மதித்த அறிஞர் யசுஒகா மசஹிரோவுக்கு, தாம் இன்னும் மரச்சேவல் ஆகவில்லை என்ற பொருளில் ஒரு தந்தி அனுப்பினார். மரச்சேவல் என்பது சுவாங்சு என்ற பழஞ்சீனத் தத்துவ நூலில் வரும் கதை: மன்னனுக்காகச் சண்டைச் சேவல் பழக்குபவர், அது செருக்கு அடங்கி, பிற சேவல் கூவினாலும் அசையாமல், மரத்தில் செதுக்கியது போல் நிற்கும்வரை களமிறக்க மறுக்கிறார், அப்படி நின்ற சேவலைக் கண்டதுமே மற்றவை ஓடிவிடுகின்றன. இந்தத் தந்தி காலப்போக்கில் ஃபுதபயாமாவின் முழு உருவமாகவே ஆகிவிட்டது. அடுத்த இரண்டு நாளும் அவர் மீண்டும் தோற்றார், 13 நாளில் 4 தோல்விகளுடன் தொடரை முடித்தார் என்ற செய்தியைத் தந்தியோடு சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு. அகினோஉமி 1942இல் யோகோசுனா ஆனார்; ஆனால் ஃபுதபயாமாவை அதன்பின் ஒருபோதும் அவரால் வெல்ல முடியவில்லை.

வயிற்று நோய் நீங்கியபின் 1939 மே மாதத்தில், முதல் 15 நாள் தொடரில், ஒரு தோல்வியும் இல்லாமல் ஃபுதபயாமா மீண்டார். 1940 மே மாதத்தில் தோல்விகள் மலிந்து, இடையில் விலகி, மலையருவியின் கீழ் நின்று தவம் செய்தார். 1942, 1943 ஆண்டுகளின் நான்கு தொடர்களையும் வென்றார். மொத்தம் 12 பட்டங்கள், அவற்றுள் 8 தோல்வியற்றவை. பிற்கால மல்லர்களின் பட்டங்கள் இதைவிட மிகுதியாக இருப்பதற்கு ஆண்டுக்கு ஆறு தொடர்கள் நடப்பது ஒரு காரணம். அவருடைய வரிசைக்கு அருகில் வந்தவர்கள் இருவர்: 18ஆம் நூற்றாண்டின் தனிகாசேயும், மங்கோலியாவில் பிறந்த ஹகுஹோவும் 63 வெற்றிகளில் நின்றனர். ஃபுதபயாமாவைத் தம் முன்மாதிரியாகக் கருதி அவருடைய பழைய படச்சுருள்களைப் பார்த்துப் பயின்ற ஹகுஹோவுக்கு, 2010 ஜனவரியிலிருந்து நவம்பரில் கிசெனோசாடோவிடம் விழும்வரை அந்த 63 வெற்றிகளைச் சேர்க்கப் பத்து மாதம் போதுமானதாக இருந்தது. மூன்றாண்டுக் காலம், தொடர்களுக்கிடையே பல மாத இடைவெளிகளில், உடம்பைத் தளரவிடாமல் காப்பதற்கும், பத்து மாதம் இடைவிடாமல் மோதுவதற்கும் பொது அளவுகோல் கிடையாது. இரண்டையும் ஒரே பட்டியலில் வைப்பது பதிவேட்டின் வசதிக்காக மட்டுமே.

போர் முற்றியபோது கொக்குகிகானைப் படை எடுத்துக்கொண்டு, அங்கே பசிபிக் கடலைக் கடந்து குண்டு சுமந்து செல்லும் தாள் பலூன்களைச் செய்யத் தொடங்கியது. 1944இல் மல்லர்கள் கொராகுஎன் பேஸ்பால் திடலில், திறந்த வானத்தின் கீழ் மோதினர். 1945 மார்ச் 10ஆம் நாள் குண்டுவீச்சில் அரங்கம் எரிந்தது. ஜூன் மாதத்தில், இடிபாடுகளுக்கிடையே, பொதுமக்கள் அனுமதிக்கப்படாமல் நடந்த தொடரில் முதல் நாள் மட்டும் இறங்கி வென்ற ஃபுதபயாமா, நவம்பர்த் தொடரின்போது ஓய்வை அறிவித்தார். மோதல்கள் நீண்டு சுவை கூட வேண்டும் என்று அந்த ஒரே தொடருக்காகக் கோதாவின் விட்டம் 16 ஷாகுவாக்கப்பட்டிருந்தது. பட்டத்தில் இருக்கும்போதே 1941இல் தொடங்கிய தம் பயிற்சிக்கூடத்தை, தொகித்சுகாசே என்ற மூத்தோர் பெயரை ஏற்று, முறையான இல்லமாக்கினார். 1947 ஜனவரியில், ஜிகோசோன் என்ற பெண் தலைமையேற்ற ஜியு என்னும் சிறு மதக்குழுவில் கோ விளையாட்டு வல்லுநர் கோ செய்கெனுடன் சேர்ந்திருந்தபோது, கனசாவாவில் அரிசிப் பதுக்கல் தொடர்பாகச் சோதனையிட வந்த காவலர்களைத் தடுத்துக் கைதானார்; விரைவில் விடுதலையாகி அக்குழுவை விட்டு நீங்கினார். நாடு தோற்றபின் பிடிமானம் தேடியவர்களுள் அவரும் ஒருவர் என்பதற்குமேல் இந்நிகழ்ச்சிக்குப் பொருள் தேட வேண்டியதில்லை.

தொகித்சுகாசே இல்லத்திலிருந்து யோகோசுனா ககமிசாடோவும், பல்கலைக்கழகப் பட்டதாரிகளுள் முதலாவதாக ஓசெகியான யுதகயாமாவும் வந்தனர். ஆனால் அவருடைய பிற்கால வாழ்வின் கனமான பகுதி 1957இல் தொடங்கியது. சங்கத்தின் கணக்குகளும் தேநீர்க்கடைகளின் ஆதிக்கமும் நாடாளுமன்றக் குழுக்களில் கேள்விக்குள்ளாகி, தலைவர் பதவியில் இருந்தவர் தற்கொலைக்கு முயன்றபின், 45 வயது தொகித்சுகாசே தலைவரானார். மல்லர்களுக்கு மாதச் சம்பளம் வந்தது. நுழைவுச்சீட்டு விற்ற தேநீர்க்கடைகள் ஒரு நிறுவனத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. 1958 முதல் ஆண்டுக்கு ஆறு தொடர்கள் நடந்தன. மூத்தவர்களுக்கு 65 வயது ஓய்வு வரம்பு விதிக்கப்பட்டது. ஷுன்ஜூஎன் உணவகத்தில் எழுதப்பட்ட பட்டியலோடு இவற்றை வைத்துப் பார்த்தால், சம்பளமும் தேநீர்க்கடையும் அதே வரிசையில் இருப்பது புலப்படும். அன்று விலகியவர்களால் உயர்ந்தவர், அவர்கள் கேட்டதில் ஒரு பங்கைச் சங்கத்துக்குள்ளிருந்தே செய்தார். தேநீர்க்கடைகளை அடியோடு ஒழிக்க அவராலும் முடியவில்லை, இன்றும் அவை வேறு பெயரில் தொடர்கின்றன.

1965 ஜனவரியில் அவர் கொண்டுவந்த மாற்றம் கோதாவுக்கு உள்ளேயே பாய்ந்தது. ஒரே இல்லத்தவர் தவிர மற்ற அனைவரும், இச்சிமொன் உறவைப் பாராமல், ஒருவரோடொருவர் மோதலாம் என்ற விதி அது. தம் 69 வெற்றிகளும் எந்தப் பிரிப்பு முறையின் கீழ் எழுந்தனவோ அந்த முறையை அவரே முடித்து வைத்தார். அதே ஆண்டில் மல்லர் குழுவைச் சோவியத் ஒன்றியத்துக்கு அழைத்துச் சென்று மாஸ்கோவிலும் கபரோவ்ஸ்க்கிலும் மோதல்களை நடத்தினார். பதவியில் இருக்கும்போதே, 1968 டிசம்பர் 16ஆம் நாள், கடுமையான கல்லீரல் அழற்சியால் 56 வயதில் காலமானார். அவருக்குப் பின் தலைவர் பொறுப்பு, தேவானோஉமி இல்லத்தில் வளர்ந்த முசாஷிகவாவிடம் சென்றது.